வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காதே

சித்திரை மாதம் ஒட்டன்சத்திரத்தில் மத்தியான நேரம் தெருவில் நாய்கூட நடக்காது. அதே சித்திரையில் நான் இங்கே ஸ்வெட்டரும் கம்பளி சாக்ஸும் போட்டுக்கொண்டு வாசலில் இலை கூட்டிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் இலையுதிர்காலம். நாங்கள் குடியிருப்பது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆரஞ்சு என்கிற ஊரில். சிட்னியிலிருந்து மேற்கே, நீல மலைகளைத் தாண்டி சுமார் 250 கிலோமீட்டர். காரில் மூன்றரை மணி நேரம் ஆகும்.

ஊர்ப் பெயரைச் சொன்னதும் ‘அங்கே ஆரஞ்சுப் பழம் நிறைய விளையுமா?’ என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். விளைவது ஆப்பிள், செர்ரி, திராட்சை. நெதர்லாந்து அரச குடும்பத்தின் ‘ஆரஞ்சு இளவரசர்’ பட்டத்தை நினைத்து, தாமஸ் மிட்செல் என்ற நில அளவையாளர் வைத்த பெயர் இது. கடல் மட்டத்திலிருந்து 860 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கிற ஊர், அதனால் குளிர் அதிகம். அரசாங்கக் கணக்கில் நகரம்தான், சுமார் 40,000 பேர் இருக்கிறார்கள். ஆனால் இங்குள்ளவர்கள் ‘டவுன்’ என்றுதான் சொல்வார்கள். கடைக்குப் போனால் தெரிந்த முகம் இரண்டையாவது பார்க்காமல் திரும்ப முடியாது.

என் கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. எனக்குப் பக்கத்து ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு. வந்து ஐந்து வருஷம் ஆகிறது. இந்த மாதிரி ஊருக்கு வேலைக்கு வரும் நம் ஆட்கள் வருஷா வருஷம் கூடுகிறார்கள். நிறையப் பேர் இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ‘மனுஷங்க பேச மாட்டேங்குறாங்க’ என்று சிட்னிக்கோ மெல்போர்னுக்கோ போய்விடுகிறார்கள். எங்களுக்கும் அந்த எண்ணம் வந்தது. அது ஏன் மாறியது என்பதை எழுதி வைத்தால் அடுத்து வருகிறவர்களுக்கு உதவும் என்று தோன்றியது.

முதல் வருஷம் நாங்கள் வந்தது ஜனவரியில். மார்ச் முடிவதற்குள் வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள், ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்பார்கள், நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கடந்து போய்விடுவார்கள். அது கேள்வி அல்ல, நாம் சொல்லும் வணக்கம் மாதிரி என்று பிடிபடவே எனக்கு நாலு மாதம் ஆயிற்று. அதுவரை மனதுக்குள் ஒரு வலி இருந்தது. நிஜமாகவே இருந்தது.

ஏப்ரல் ஆரம்பத்தில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தால், வாசற்படியில் நீல விளிம்பு போட்ட ஒரு பீங்கான் கிண்ணம். உள்ளே ஆறு பழங்கள். பேரிக்காய் மாதிரியும் இருந்தது, ஆப்பிள் மாதிரியும் இருந்தது. நல்ல மஞ்சள், மேலே பூனை முடி மாதிரி சாம்பல் நிறச் சுணை. வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்ததும் அறை முழுக்க ரோஜாவும் அன்னாசியும் கலந்த மாதிரி ஒரு வாசனை. துண்டுச் சீட்டு எதுவும் இல்லை. யார் வைத்தது என்று தெரியவில்லை.

அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். பழம் என்னவென்று அம்மாவுக்கும் தெரியவில்லை. ஆனால் கிண்ணத்தைப் பார்த்ததும், ‘வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காதே, என்ன. ரெண்டு கரண்டி சர்க்கரையாவது போட்டுக் கொடு’ என்றார். நான் பிறந்ததிலிருந்து கேட்கும் வாக்கியம். எங்கள் தெருவில் ஒரு டம்ளர் மோர் போனால் அதே டம்ளர் நாலு முருங்கைக்காயோடு திரும்பும். சரி, கொடுக்கலாம், யாருக்குக் கொடுப்பது? அதைக் கண்டுபிடிக்கத்தான் முதல் தடவையாகத் தெருவில் கதவு தட்டினேன்.

வலது பக்கத்து வீட்டில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். அவருடையது இல்லை. அடுத்த வீட்டில் இரட்டைப் பிள்ளைகளோடு ஒரு இளம் தாய். அவருடையதும் இல்லை. ஆனால் கிண்ணத்தைப் பார்த்ததும், ‘எதிர்வீட்டில் கேளுங்கள், அவர்கள் தோட்டத்தில்தான் குவின்ஸ் மரம் இருக்கிறது’ என்றார். பழத்தின் பெயர் அப்படித்தான் தெரிந்தது. மூன்றாவது கதவு எதிர்வீடு. எழுபத்தைந்து வயது தாண்டிய ஒரு பாட்டி திறந்தார். பெயர் சொன்னார். பெயரைச் சொல்லிக் கூப்பிடும்படியும் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. இங்கே எண்பது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ‘ஆன்ட்டி’ என்றால் புரியாமல் விழிக்கிறார்கள். கடைசியில் என் மகள்தான் வழி கண்டுபிடித்தாள். ‘நேன்’ என்று கூப்பிடட்டுமா என்று கேட்டாள். நேன் என்றால் இங்கே பாட்டி. அவர் முகம் மலர்ந்துபோனதை நான் பார்த்தேன். அன்று முதல் எங்கள் வீட்டில் அவர் நேன் பாட்டிதான்.

ஒரு கிண்ணம், மூன்று கதவு. இன்றைக்கு என் தொலைபேசியில் இருக்கும் உள்ளூர் எண்களில் பாதி அந்த மூன்று கதவு வழியாக வந்தவை.

குவின்ஸ் பழத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பச்சையாகக் கடித்தால் பல் போய்விடும், அவ்வளவு கெட்டி. நாக்கில் பாக்கு மாதிரி துவர்க்கும். ஈரத் துணியால் சுணையைத் துடைத்துவிட்டு, நான்காக வெட்டி, கொட்டையை நீக்கிச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டு, அடுப்பைச் சிறுதீயில் வைத்து மூன்று மணி நேரம் விட வேண்டும். முதலில் வெளிறிய மஞ்சள். ஒரு மணி நேரத்தில் லேசாக இளஞ்சிவப்பு. மூடியைத் திறக்கத் திறக்க நிறம் ஏறிக்கொண்டே போய், கடைசியில் மாதுளை முத்து மாதிரி சிவந்து நிற்கும். சாயம் எதுவும் போடுவதில்லை, அந்தத் துவர்ப்பிலிருந்தே வருகிற சிவப்பு அது. நேன் பாட்டி தன் சமையலறையில் என்னை நிற்க வைத்து இதைக் காட்டினார்.

நான் வேறு மாதிரி செய்தேன். மீதி இருந்த பழத்தைத் துருவி, நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம், மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், கொஞ்சம் வெல்லம் போட்டு, மாங்காய்த் தொக்கு கிளறுகிற அதே பக்குவத்தில் எண்ணெய் பிரியும்வரை கிளறினேன். புளிப்பு போதவில்லை, ஒரு எலுமிச்சை பிழிந்தேன். அதைத்தான் நீலக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். காரம் தாங்குவாரோ என்று பயமாக இருந்தது. ரொட்டியில் சீஸ் வைத்து அதன் மேல் தடவிச் சாப்பிட்டதாக மறுநாள் சொன்னார். ஒரு வாரத்தில் கிண்ணம் திரும்பி வந்தது, உள்ளே எலுமிச்சம்பழம். அப்படியே போய் வந்துகொண்டிருக்கிறது.

இலையுதிர்காலத்தை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், இந்த ஊரில் எல்லாருடைய கையிலும் ஏதாவது மிஞ்சுவது இந்த மூன்று மாதத்தில்தான். ஆப்பிள் அறுவடை பிப்ரவரியில் காலா ரகத்தோடு தொடங்கி, பிங்க் லேடி வரும்போது ஏப்ரல் கடைசி, மே ஆகிவிடும். கொல்லையில் தக்காளி பனி விழுவதற்குள் பறித்தாக வேண்டும். பச்சைக் காயாகவே பக்கெட் கணக்கில் வரும். பூசணி, வால்நட், அத்தி எல்லாம் ஒரே நேரம். அதே சமயம் எல்லாருக்கும் ஏதாவது தேவைப்படுவதும் இப்போதுதான். விறகு அடுக்க வேண்டும், கூரைத் தண்ணீர்க் குழாய்களில் அடைத்த இலையை எடுக்க வேண்டும், குளிருக்கு முன் வீட்டைச் சரிபார்க்க வேண்டும். நம் ஊரில் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: கைமாற்று. கோடையில் எல்லாரும் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள், குளிர்காலத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். கைமாற்று நடக்கிற பருவம் இது.

விறகில் எங்களுக்கு நல்ல அடி விழுந்தது. வாடகை வீட்டில் இருந்தது விறகு அடுப்பு ஒன்றுதான். குளிர் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். மே கடைசியில் ஒருவரிடம் ஒரு லோடு வாங்கினோம். பணம் கொடுத்த பிறகுதான் தெரிந்தது, முழுக்க ஈரம். பற்றவே இல்லை. புகை மட்டும் வீடெல்லாம். இரண்டாம் நாள் ராத்திரி பக்கத்து வீட்டு ரயில்வேப் பெரியவர் கதவைத் தட்டினார். எங்கள் புகைபோக்கியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். குவியலிலிருந்து இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்று மோதிக் காட்டினார். ‘தொப்’ என்று சத்தம். தன் வீட்டிலிருந்து இரண்டு கட்டை கொண்டு வந்து மோதினார். ‘ணங்’ என்றது. காய்ந்த விறகு மணி மாதிரி ஒலிக்கும். கட்டையின் முனையில் நட்சத்திரம் போல வெடிப்பு இருக்கும். பட்டை லேசாக உரிந்து வரும். இந்த மூன்றையும் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது என்றார்.

அன்று ராத்திரியே ஒரு தள்ளுவண்டி நிறையக் காய்ந்த விறகு கொடுத்தார். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. அவர் முகம் லேசாக மாறியதும் எனக்குப் புரிந்தது, நீட்டியிருக்கக் கூடாது. அந்த மாதிரி உதவிக்குப் பணம் கொடுத்தால், கணக்கை அங்கேயே முடித்துக்கொள்ள நினைப்பதாக ஆகிவிடுகிறது. முழங்கால் அறுவை செய்துகொண்டவர், ஏணி ஏறக் கூடாது. அதனால் ஒவ்வொரு மே மாதமும் அவர் வீட்டுக் கூரைக் குழாயில் இலை எடுப்பது என் கணவர் வேலை. அவராகக் கேட்கவில்லை, இவராகப் போய் ஏணியைச் சாத்தினார்.

விறகு விஷயத்தில் இன்னும் சில. பிப்ரவரி, மார்ச்சிலேயே வாங்கிவிட வேண்டும். அயர்ன்பார்க், யெல்லோ பாக்ஸ், ரெட் கம் மாதிரிக் கடினமான மரம் நின்று எரியும், ஆனால் வெட்டிய பிறகு ஒரு வருஷமாவது காய வேண்டும். தரையில் படாமல், காற்றுப் போகிற மாதிரி இடைவெளி விட்டு, மேலே மட்டும் மூடி அடுக்க வேண்டும். கையுறை இல்லாமல் விறகுக் குவியலில் கை வைக்கக் கூடாது. முதுகில் சிவப்புக் கோடு போட்ட ரெட்பேக் சிலந்தி அங்கேதான் இருக்கும், விஷம். பற்ற வைத்ததும் முதல் இருபது நிமிடம் அடுப்புக்குள் காற்று போகிற வாயை முழுக்கத் திறந்து வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, குளிருக்கு முன்னால், புகைபோக்கியைச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிட வேண்டும்.

ஏப்ரல் முதல் ஞாயிறு அதிகாலை 3 மணியை 2 மணி ஆக்கிவிடுவார்கள். கோடைக்காலத்துக்காக முன்னே தள்ளிய கடிகாரத்தை மறுபடி பின்னே இழுப்பது அது. அன்றைக்கே புகை எச்சரிக்கைக் கருவியைச் சோதித்துப் பேட்டரி மாற்றிவிடுவது இங்கே பழக்கம். நல்ல பழக்கம், மறக்காமல் இருக்க வழி. குளிர்காலத்து ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசியும் அதே சமயம் போட்டுக்கொள்கிறோம்.

கடிகாரம் மாறினால் இன்னொன்றும் மாறுகிறது. அதுவரை வெளிச்சத்தில் வீடு திரும்பியவள், மறுநாளிலிருந்து ஆறு மணிக்கெல்லாம் இருட்டில் ஓட்டுகிறேன். கங்காரு மேய வருவது அந்தி நேரத்தில்தான். இரண்டாவது வருஷம் ஏப்ரல் இரண்டாம் வாரம் எனக்கு அது நடந்தது. 100 கிலோமீட்டர் வேகம் அனுமதி உள்ள சாலை, நான் 90-ல் போய்க்கொண்டிருந்தேன். இடது பக்கப் புல்லிலிருந்து ஒரு சாம்பல் உருவம் எழுந்தது, அவ்வளவுதான். பிரேக்கை அழுத்தினேன், ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. என்னோடு வேலை செய்கிற ஒரு அக்கா முதல் வாரமே சொல்லி வைத்திருந்தார்: ‘திருப்பாதே, நேரே பிடி. திருப்பினால் மரத்தில் மோதுவாய்.’ அந்த ஒரு வாக்கியம் என்னைக் காப்பாற்றியது. முன்பக்கம் நசுங்கியது. கங்காரு சாலை ஓரத்தில் கிடந்தது. கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

பின்னால் வந்த பிக்கப் வண்டி நின்றது. ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண்மணி, பக்கத்துப் பண்ணைக்காரர். முதலில் என்னைப் பார்த்தார், அப்புறம் டார்ச்சோடு கங்காருவிடம் போனார். உயிர் இல்லை. பையில் குட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். அது ஆண், பை இல்லை. குட்டி இருந்தால் துணியில் சுற்றிச் சூடாக வைத்து, பசும்பால் கொடுக்காமல், வயர்ஸ் என்ற வனவிலங்கு மீட்பு அமைப்பைக் கூப்பிட வேண்டும். இதெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் அழுதுகொண்டிருந்தேன். வீட்டுக்குக் கூட்டிப்போய் இனிப்பாகத் தேநீர் கொடுத்து, என் கணவர் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இப்போது அந்தியில் நான் 80-க்கு மேல் போவதில்லை. வண்டியில் ஒரு பழைய துண்டும் டார்ச்சும் எப்போதும் உண்டு.

அடுத்த வாரம் நன்றி சொல்ல மெதுவடை செய்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். சொல்லாமல் போனேன். ஆட்டுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார், வேலைக்கு நடுவே. வாசல் கேட்டிலேயே நின்று பேசினார், உள்ளே கூப்பிடவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் மனசு கனத்தது. நம் ஊரில் சொல்லாமல் போவதுதான் உரிமை. இங்கே சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை. ராத்திரி அவரே செய்தி அனுப்பினார்: ‘வடை ஒன்றுகூட மிச்சமில்லை. சனிக்கிழமை டீக்கு வாருங்கள், ஆறு மணிக்கு.’ ‘டீ’ என்றால் இந்தப் பக்கத்து ஊர்களில் ராத்திரிச் சாப்பாடு. எனக்கு அது தெரியாது, மூன்று பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனோம். மேசையில் முழு விருந்து. சங்கடமாக இருந்தது, உள்ளதைச் சொன்னேன். அவர் பாதியைப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டார். பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்புறம் நடந்ததும் உங்களுக்கே தெரியும்.

அழைப்பு விஷயத்தில் ஒன்று. ‘ஒரு நாள் வாங்களேன்’ என்று இங்கேயும் எல்லாரும் சொல்வார்கள். நம் ஊரிலும் அப்படித்தானே சொல்கிறோம். தேதி சொல்லாத அழைப்பு அன்பு மட்டும்தான், அழைப்பு இல்லை. காத்துக்கொண்டிருந்தால் வருஷம் போய்விடும். நாமே தேதியும் நேரமும் சொல்லிக் கூப்பிட வேண்டும். நான் பிடித்துக்கொண்டது ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. மூன்றாவது வருஷத்திலிருந்து அதை ஒட்டி வரும் ஞாயிறு மதியம் தெருவில் நாலைந்து வீட்டாரைக் கூப்பிடுகிறேன். அறுசுவைப் பச்சடிக்கு வேப்பம்பூ இல்லை. கசப்புக்கு வறுத்த வெந்தயம். துவர்ப்புக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது எதிர்வீட்டு மரம் கண்ணில் பட்டது. குவின்ஸைத் துருவிப் போட்டேன். என் பாட்டி இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன். புது வருஷத்தில் ஏன் கசப்பைச் சாப்பிட வேண்டும் என்று இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் கேட்டான். நான் சொல்லும் முன்னால் ரயில்வேப் பெரியவர், ‘வருஷத்தில் அதுவும் வரும் அல்லவா’ என்றார். அவர் மனைவி இறந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அந்த வருஷம் அப்பா வந்திருந்தார். மண்டியில் நாற்பது வருஷம் காய்கறி மூட்டை பார்த்த மனிதர். ஆங்கிலம் நாலு வார்த்தை. வந்த மூன்றாம் நாள் விறகு லோடு வந்தது. அப்பா யாரும் சொல்லாமலே ஒரு கட்டையை எடுத்து, தேங்காய் பார்க்கிற மாதிரி விரலை மடக்கித் தட்டிக் காதை வைத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெரியவர் அதைப் பார்த்துவிட்டு கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். இரண்டு பேரும் சாயங்காலம்வரை அடுக்கினார்கள். பேச்சே இல்லை. ஒருவர் கட்டையைக் கொடுக்க, மற்றவர் பட்டை மேலே வருகிற மாதிரி திருப்பி வைக்க, நடு நடுவே தேநீர். அதற்கப்புறம் அப்பா இருந்த இரண்டரை மாதமும் காலை பத்து மணிக்கு வேலி ஓரம் இரண்டு நாற்காலி போடப்பட்டுவிடும்.

அப்பாவை ஒரே ஒரு விஷயத்தில் தடுக்க வேண்டியிருந்தது. மழைக்கு மறுநாள் ஒரு ஓக் மரத்தடியில் காளான் பார்த்துவிட்டு, பறிக்கலாம் என்றார். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் டெத் கேப் என்ற நச்சுக் காளான் ஓக் மரத்தடியில் இலையுதிர்காலத்தில் முளைக்கிறது. சமைத்தாலும் விஷம் போகாது, கல்லீரலை அழித்துவிடும். சாப்பிட்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள். பைன் காட்டில் ஆரஞ்சு நிறக் காளான் பொறுக்கிற பழக்கம் இந்தப் பக்கம் உண்டு. அதற்கும் விவரம் தெரிந்தவர் கூட வர வேண்டும். நம் ஊரில் பார்த்துப் பழகிய கண் இங்கே செல்லாது.

ஏப்ரல் 25 ஆன்சாக் தினம். முதல் உலகப் போரில், 1915-ல், துருக்கியின் கலிப்போலியில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் கரையிறங்கிய நாள். விடிவதற்கு முன்னால் ராபர்ட்சன் பார்க்கில் உள்ள போர் நினைவுச் சின்னத்தின் முன் ஊரே நிற்கும். பெரியவரோடு அப்பாவும் போனார். சட்டையில் ஒரு கொத்து ரோஸ்மேரி. யாரும் பேசவில்லை, மூச்சு மட்டும் புகையாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கரையில் இந்தியப் படைகளும் இருந்தன, மலைப் பீரங்கிப் படை முதல் நாளே இறங்கியது, கோவேறு கழுதைகளில் தண்ணீரும் தோட்டாவும் ஏற்றிப் போனவர்கள் இந்தியர்கள் என்று பெரியவர்தான் எங்களுக்குச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொன்னதில்லை.

பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபமான வழி ஒன்று உண்டு: சனிக்கிழமை விளையாட்டு. ஏப்ரல் வாக்கில் நெட்பால், கால்பந்து எல்லாம் தொடங்கும். மகளை இறக்கிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். கேன்டீனில் ஆள் எப்போதும் குறைவு. ஒரு மணி நேரம் ரொட்டியில் வெங்காயமும் சாசேஜும் வைத்துக் கொடுத்தால் ஐம்பது பேருக்கு உங்கள் முகம் தெரிந்துவிடும். இறைச்சி தொடாதவர்கள் காசு வாங்கிப் போடலாம், ஆரஞ்சுப் பழம் நறுக்கலாம்.

கறிவேப்பிலைச் செடி ஒன்று தொட்டியில் வைத்திருக்கிறேன். ஏப்ரல் கடைசியில், முதல் பனி விழுவதற்குள், அதை உள்ளே ஜன்னல் ஓரம் கொண்டுவந்துவிட வேண்டும். ஒரே ஒரு இரவுப் பனி போதும், கருகிவிடும். நாங்கள் ஊருக்குப் போன வருஷம் செடியை நேன் பாட்டியிடம் விட்டுப் போனேன். ஐந்து வாரம். திரும்பி வந்தால் மூன்று புதுக் கொழுந்து. தினமும் காலையில் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பாராம். அதுதான் கூலி என்றார்.

இந்த நட்பில் எனக்கு ஒரே குறை இருந்தது. எல்லாம் அவர் கொடுப்பது, அல்லது நான் கொடுப்பது. அவர் எதையும் கேட்டதே இல்லை. நான் கேட்டிருக்கிறேன். ஏணி, ஊசி, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர, ஒரு தடவை நள்ளிரவில் காய்ச்சல் மருந்து. அவர் மட்டும் ‘எனக்கு ஒன்றும் வேண்டாம், நான் பார்த்துக்கொள்வேன்’ என்பார். இந்த ஊர்ப் பெரியவர்கள் நிறையப் பேர் அப்படி. என் வேலை இடத்திலும் பார்க்கிறேன், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கக்கூட யோசிப்பார்கள். நானாக ‘ஏதாவது வேணுமா?’ என்று கேட்டால் பதில் எப்போதும் ‘வேண்டாம்’தான். அதனால் அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன். ‘நான் நாளைக்குக் கடைக்குப் போகிறேன், உங்களுக்குப் பால் வாங்கி வரேன்’ என்றால் மட்டும் சரி என்பார்.

போன வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். நேன் பாட்டி, கையில் நீலக் கிண்ணம். காலியாக இருந்தது. ஐந்து வருஷத்தில் அது காலியாக வந்து நான் பார்த்ததில்லை. தொக்கு தீர்ந்துவிட்டது, கொஞ்சம் இருந்தால் வேண்டும் என்றார். உள்ளே போய்ப் போட்டுக் கொண்டு வந்தேன். போகவில்லை, நின்றார். செவ்வாய்க்கிழமை பக்கத்து நகரமான பாதர்ஸ்டில் கண் அறுவை, தன்னால் ஓட்ட முடியாது, கூட்டிப்போய்க் கூட்டி வர முடியுமா என்று கேட்டார். கேட்கும்போது என்னைப் பார்க்கவில்லை, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

ஷிஃப்ட் மாற்றிக்கொண்டேன். காலை ஏழுக்குக் கிளம்ப வேண்டும். வண்டிக் கண்ணாடியில் பனி உறைந்திருக்கும், வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். ஆறே முக்காலுக்கே எஞ்சினை ஓடவிட்டுச் சுரண்டி வைக்க வேண்டும். அவருக்கு ஒரு போர்வை, வழியில் குடிக்கப் பிளாஸ்கில் சுக்குக் காபி.